வெல்ல முடியாத கோட்டையை வென்றவர்கள்

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு அடைமொழிகளை விடுவதே இல்லை. ஒன்று, ‘கிழக்கின் டிராய்’. மற்றொன்று, ‘இந்தியாவிலேயே வெல்ல முடியாத கோட்டை’. இரண்டாவதைச் சிவாஜியே சொன்னதாகச் சுற்றுலாக் கையேடுகள் சேர்த்துக்கொள்ளும். டிராய் நகரம் பெயர்பெற்றதே அது விழுந்த கதையால்தான். முதல் அடைமொழியைச் சூட்டியவர்கள் இதை மறந்துபோய்ச் சூட்டினார்களா, தெரிந்தேதான் சூட்டினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஏனென்றால் செஞ்சியின் கதை அடுத்தடுத்துக் கைமாறிய கதை. 1648-49இல் பிஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1714இல் ஆற்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. நூற்று முப்பது ஆண்டுகளில் ஏழு எஜமானர்கள் மாறியிருக்கிறார்கள்.

இத்தனை முறை பறிபோன கோட்டைக்கு ‘வெல்ல முடியாதது’ என்ற பெயர் எப்படி நிலைத்தது? இத்தனை பேரும் அதற்காக ஏன் அடித்துக்கொண்டார்கள்? செஞ்சியைப் பற்றிய பழைய எழுத்துகளையும் புதிய எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பாறை பெரும்பாலும் தன் வேலையைச் செய்தது. கைவிட்டவை சோறும் சம்பளமும் உள்ளே இருந்தவர்களின் ஒற்றுமையும். மலையைப் பிடித்தவர்கள் தேடியதும் மலையை அல்ல. அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போடும் உரிமையை.

முதலில் இடம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை, செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டையின் வெளிமதிலைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் சற்று உள்வாங்கி ராஜகிரி, அதற்குத் தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் அடங்கிய நிலம் 11 சதுர கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் 800 அடி. சஹ்யாத்திரிக் கோட்டைகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் பெரிய உயரமில்லை. ஆனால் சுற்றிலும் தட்டையான வயல்வெளி. அதன் நடுவில் இப்படி எழுந்து நின்றால், எவ்வளவு தொலைவில் தூசி கிளம்பினாலும் மேலே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மலைகள் மண் மூடிய மலைகள் அல்ல. வெயிலிலும் மழையிலும் வெடித்துப் பிரிந்த பாறைக் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவை. கோட்டை கட்டியவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மலையைச் சுற்றி மதில் எழுப்பவில்லை; மலை விட்டுவைத்த இடைவெளிகளை மட்டும் அடைத்தார்கள். கிருஷ்ணகிரியின் சரிவில் நின்று பார்த்தால், எங்கே பாறை முடிந்து எங்கே மதில் தொடங்குகிறது என்பதே சில இடங்களில் பிடிபடுவதில்லை. கீழே தரைமட்டத்தில் மட்டும்தான் மனித உழைப்பு முழுக்கத் தேவைப்பட்டது. அங்கே தடித்த மதிலும், அதற்கு வெளியே 80 அடி அகல அகழியும், வடக்கே ஆற்காட்டு வாசலும், கிழக்கே புதுச்சேரி வாசலும் இருக்கின்றன.

ராஜகிரி ஏறும் வழியில் கோட்டையின் முழுத் தந்திரமும் இருக்கிறது. பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அதற்குமேல் படிகள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து, வாசலுக்கு மேல் வாசலாகப் போகின்றன. ஒவ்வொரு வாசலையும் கடந்து திரும்பும் இடத்தில், மேலே நிற்பவனுக்கு முதுகைக் காட்டித்தான் ஏற வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை அப்படியே பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவு 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். உச்சிக்குப் போக வேறு வழி கிடையாது. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் தனித் தீவில் இருப்பவர்கள்தான். இந்த இடத்தைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், பத்துப் பேர் இருந்தால் பத்தாயிரம் பேரைத் தடுக்கலாம் என்று எழுதினார்கள். கொஞ்சம் மிகை. ஆனால் மூச்சுவாங்க ஏறி அந்தப் பாலத்தில் கால் வைக்கும்போது மறுத்துப் பேசத் தோன்றாது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது தண்ணீர் ஏற்பாடு. மலைமேல் வற்றாத ஊற்றும் சுனைகளும் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும். அரண்மனை வளாகத்தில் அடுக்கடுக்காக எழுந்து கூம்பு முடியோடு நிற்கும் கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். கல்யாண மகாலுக்கு அப்பால் வளைவுக் கூரையோடு நெற்களஞ்சியம், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம். கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் கல்லால் தொட்டிகள். ஊர்க்காரர்கள் அதை எண்ணெய்க் கிணறு என்பார்கள். பீரங்கி மேடையைவிடக் களஞ்சியத்துக்கு அதிகம் யோசித்துக் கட்டிய கோட்டை இது. முற்றுகை என்றால் வயிற்றோடு நடக்கும் சண்டை என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டியவர்கள் யார் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் ஆனந்தக் கோன். ராஜகிரியில் மாடு மேய்த்த இடையர் குலத்தவர் ஒருவருக்குப் புதையல் கிடைத்தது, 1190 வாக்கில் அவர் மலைமேல் அரண் எழுப்பி அதற்கு ஆனந்தகிரி என்று பெயரிட்டார், பின்வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையை அரணாக்கி அதற்குத் தன் பெயரைக் கொடுத்தார் என்பது கதை. இதைச் சொல்லும் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெக்லியாட் என்ற ஆங்கில அதிகாரிக்காக நாராயணப் பிள்ளை எழுதியது. அறுநூறு ஆண்டுக்கு முந்தைய நிகழ்ச்சிகளை வருஷக் கணக்கோடு சொல்லும் நூலை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் அடியோடு தள்ளவும் வேண்டியதில்லை. ஒட்டக்கூத்தரின் விக்கிரம சோழன் உலாவிலேயே, அதாவது 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, செஞ்சியர் கோன் ஒருவன் வருகிறான். ஆகவே ஆனந்தக் கோனுக்கு முன்பே செஞ்சியில் பெயர் சொல்லக்கூடிய தலைவன் ஒருவன் இருந்திருக்கிறான்.

இன்னும் பின்னால் போனால் கோட்டையே இல்லாத செஞ்சி தெரிகிறது. சிங்கவரத்திலும் மேலச்சேரியிலும் பல்லவர் காலத்துக் குடைவரைகள். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறை முகப்பில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள். அங்கே சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு, தமிழ் எழுத்தின் வரலாறு படிப்பவர்கள் தவறாமல் குறிப்பிடுவது. வாளும் பீரங்கியும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்தப் பாறைகளைத் தேடி வந்தவர்கள் துறவிகள்.

பாறையைத் தலைநகராக்கியவர்கள் விஜயநகரத்தின்கீழ் வந்த நாயக்கர்கள். இன்று கோட்டைக்குள் நாம் வியந்து பார்ப்பவற்றில் பெரும்பகுதி அவர்கள் காலத்தது. வெங்கடரமணர் கோயில், கல்யாண மகால், குளங்கள், மதில்களின் முதல் வடிவம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். 1597இல் இங்கே வந்த சேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தான் பார்த்த நகரங்களில் இதுவே மிகப் பெரியது, லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில் இதற்கு ஈடான நகரம் இல்லை என்று எழுதிவைத்தார். அப்போது ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர்தான் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதியை விரிவுபடுத்த முனைந்து, தீட்சிதர்கள் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விடும் அளவுக்கு எதிர்ப்பைச் சந்தித்தவர். அதையும் பிமெண்டாவே பதிவு செய்திருக்கிறார். செஞ்சி நாயக்கர்களுக்கு மதுரை, தஞ்சை நாயக்கர்களுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. 1943இல் சி.எஸ். சீனிவாசாச்சாரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகச் செஞ்சி வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்து எழுதுகிறோம்.

இனி விழுந்த கதைகள். 1648-49இல் பிஜப்பூர்ப் படை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் ஆளுக்கும் உணவுக்கும் குறைவில்லை. மதுரைத் திருமலை நாயக்கரின் படையும் உள்ளே இருந்தது. ஆனால் பல ஊர்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் வந்த வீரர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள், அந்தக் குழப்பத்தில் கதவு திறந்துவிட்டது என்கிறது மதுரை மிஷன் பாதிரியார்களின் கடிதம். 1677இல் சிவாஜி வந்தபோது சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிஜப்பூரின் கோட்டைத் தலைவன் நாசிர் முகம்மதுவுக்குப் பணமும் ஜாகீரும் பேசி முடிக்கப்பட்டது, சாவி கைமாறியது. சிவாஜியின் திறமை அதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது. தேவையற்ற மதில்களை இடித்து, தேவையானவற்றைத் தடிமனாக்கி, பீரங்கிக் காலத்துக்கு ஏற்றபடி கோட்டையைத் திருத்தியமைத்தார். மராட்டிய நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் அவருக்கு எதற்கு ஒரு கோட்டை என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். பன்னிரண்டே ஆண்டில் விடை கிடைத்தது.

1689இல் முகலாயப் பாதுஷா ஔரங்கசீப், சிவாஜியின் மகன் சம்பாஜியைக் கொன்றார்; மராட்டியத் தலைநகர் ராய்கட் பறிபோனது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து, அந்த ஆண்டின் இறுதியில் செஞ்சி சேர்ந்தார். மராட்டிய அரசுக்கு அப்போது இருந்த ஒரே தலைநகரம் இந்தத் தமிழ்நாட்டு மலைதான். பிரதிநிதி என்ற புதுப் பதவியை உருவாக்கிப் பிரகலாத் நிராஜியை அதில் அமர்த்தியதும், மராட்டியத் தலைவர்களுக்கு நிலங்களை எழுதிக் கொடுத்ததும் இங்கிருந்துதான். 1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைச் சுற்றி வளைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை முற்றுகை என்பதா, குடித்தனம் என்பதா தெரியவில்லை. ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்தது.

மதில் 13 கிலோமீட்டர் நீளம். அதை முழுக்கச் சுற்றி வளைக்கப் போதுமான ஆள் சுல்பிகரிடம் இருந்ததே இல்லை. ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றின் வழியாக நெல் உள்ளே போனது. வெளியே இருந்த முகலாயப் படைக்குத்தான் தானியம் கிடைக்காமல் போயிற்று. 1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். முகாமில் இருந்த இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்துகிறார் என்று சந்தேகித்து, சுல்பிகரும் அவர் தந்தை ஆசத் கானும் பாதுஷாவின் மகனையே கைது செய்தார்கள். பிறகு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். சுல்பிகர் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்ற பேச்சு அன்றே இருந்தது. உடன் பணியாற்றிய பீம்சேன் தன் நினைவுக் குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். கிழப் பாதுஷாவுக்குப் பிறகு வரப்போகும் வாரிசுச் சண்டையில் தெற்கே தனக்கென ஒரு தளம் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். கடைசியில் 1697 இறுதியில் ராஜாராம் நழுவிப் போனார். அதன்பிறகே, 1698 தொடக்கத்தில், முகலாயர் மதிலேறினார்கள். பிடிபட்டது கோட்டையும் ராஜாராமின் குடும்பத்தினர் பலரும். பிடிக்க வந்த ஆள் அகப்படவில்லை. ஔரங்கசீப் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்; சுல்பிகரின் பட்டப்பெயர் நுஸ்ரத் ஜங். இந்த ஒரு முற்றுகையை வைத்துப் பார்த்தால், செஞ்சி தோற்றதாகச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஒரு ராஜ்ஜியம் மூச்சு வாங்கிக்கொள்ள ஏழு ஆண்டு அவகாசம் கொடுத்த கோட்டை அது.

அந்த ஏழு ஆண்டில் செஞ்சி இன்னொரு வேலையும் செய்தது. சோழமண்டலக் கடற்கரையில் யாருக்கு எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அதுவே புனித டேவிட் கோட்டை. எல்லை எது என்பதற்கு விநோதமான ஏற்பாடு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டார்கள். அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1693இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைப் பறித்தபோதும், அதற்கான உரிமையை ராஜாராமின் தர்பாரிடமே விலைக்கு வாங்கினார்கள். முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு செலவுக்குத் திண்டாடிய அரசன் ஒருவனின் கையெழுத்துக்கு, கடற்கரையில் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. செஞ்சியில் யார் இருக்கிறாரோ அவரே இந்தச் சீமைக்கு அதிகாரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த ஒப்புதல் போனபோதுதான் செஞ்சி உண்மையில் விழுந்தது. முகலாயரின் கர்நாடக நிர்வாகம் சில ஆண்டுகளிலேயே பாலாற்றங்கரை ஆற்காட்டுக்கு மாறிவிட்டது. செஞ்சி காய்ச்சலுக்குப் பெயர்போன இடம். ஆற்காடோ சமவெளியில் வசதியான ஊர். மலை, புந்தேலா ராஜபுத்திரர் சரூப்சிங்கின் பொறுப்பில் வந்தது. அவர் 1714இல் இறந்ததும் மகன் தேஜ்சிங் வந்தார். தமிழருக்கு அவர் ராஜா தேசிங்கு.

கப்ப நிலுவையைக் கேட்ட நவாபு சாதத்துல்லா கானுக்குத் தேசிங்கு மறுப்புச் சொன்னார். 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டை நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், தென்னாட்டின் மிகப் பலமான கோட்டையைக் கையில் வைத்திருந்தவர் அதற்குள் இருந்து போரிடவில்லை. சில நூறு குதிரைவீரர்களோடு ஆற்றைக் கடந்து வெட்டவெளிக்குப் போய், நவாபின் பெரும்படையின்மேல் பாய்ந்து குண்டடிபட்டு இறந்தார். ஆண்டது பத்து மாதம். வயது இருபத்திரண்டு என்பார்கள். கல்யாணக் கோலத்தில் இருந்தபடியே போருக்கு ஓடிவந்த தோழன் மகபத் கானும் கூடவே மடிந்தான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பது வழக்கு.

போர்முறைக் கணக்கில் இது அசட்டுத் துணிச்சல். கதைப்பாடல் கணக்கு வேறு. டில்லிப் பாதுஷாவின் அடங்காத குதிரையைச் சிறுபிள்ளையாகவே அடக்கியவன், முஸ்லிம் தோழனுக்கு உயிர்கொடுக்கும் இந்து ராஜா, வரி கொடுக்காத வீரன் என்று தேசிங்குராஜன் கதை அவரை வளர்த்தெடுத்தது. தெருக்கூத்துக்காரர்களும் பாடகர்களும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமும் வந்தது. அவர் வடநாட்டு ராஜபுத்திரர், முகலாயர் நியமித்த கோட்டைத் தலைவரின் மகன், வீட்டில் பேசியது தமிழ் அல்ல. இதெல்லாம் பாட்டுக்கு இடைஞ்சலாகவே இல்லை. நூறாண்டுக்கு மேல் ஆண்டு குளம் வெட்டிய நாயக்கர்களில் ஒருவர் பெயர்கூட மக்கள் வாயில் இல்லை. பத்து மாதம் இருந்தவர் மட்டும் இன்றைக்கும் செஞ்சிக்கு ராஜா.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாசலை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் மூன்று மலைகளையும் பிடித்தார். என் வாதத்துக்கு இடிக்கும் ஒரே நிகழ்ச்சி இதுதான். நேரடித் தாக்குதலில் செஞ்சி விழுந்தது. ஆனால் உள்ளே இருந்தது, ஏற்கெனவே ஒரு போரில் தோற்று ஓடிவந்து அடிவாரத்தில் ஒதுங்கிய கூட்டம். விடிந்தபின் மலையை அண்ணாந்து பார்த்தபோது, வென்றவர்களே தங்கள் வெற்றியை நம்பமுடியாமல் நின்றார்கள் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். காவல் சரியாக இருந்தபோது நிலைமை வேறு. 1752இல் மீட்க வந்த ஆங்கிலப் படை ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பி, விக்கிரவாண்டியில் அடிவாங்கியது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபிறகு செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறப்பதில் அர்த்தமில்லை, ஏப்ரலில் ஒப்படைத்துவிட்டார்கள். 1780இல் ஹைதர் அலியின் படை வந்தபோது, பேருக்கு இருந்த ஆங்கிலக் காவல் உடனே பணிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலெக்டர் ஒருவர் கோட்டையை இடித்துவிடலாம் என்றே யோசனை சொன்னார். இடிக்கவும் செலவாகும் என்பதாலோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடு மிக்க கல்தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. அவற்றின் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. மகிழ்ச்சிதான். ராஜாராமின் ஏழு ஆண்டை நினைத்தால் அந்த வரிசையில் உட்கார செஞ்சிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மராட்டியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். நாயக்கர் கோயிலும், சுல்தான்கள் பாணி வளைவுக் கூடமும், நவாபு சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கும் இடத்துக்கு ‘மராட்டியக் கோட்டை’ என்று மட்டும் பலகை வைத்தால் வருகிறவருக்குப் பாதிதான் புரியும். பட்டியலால் கூட்டம் வரும், பராமரிப்புக்குப் பணம் வரும். அதோடு சேர்த்து, எந்தச் சுவர் யார் காலத்தது என்று தமிழில் தெளிவாகச் சொல்லும் பலகைகளும் வந்தால் நல்லது.

போக நினைப்பவர்கள் காலையில் வெயில் ஏறுமுன் ராஜகிரியை முடித்துவிட வேண்டும். பிறகு பாறை சுடும். குரங்குகள் தின்பண்டப் பையைப் பறித்துக்கொள்ளும். கையில் தண்ணீர் மட்டும் இருப்பது நல்லது. பிற்பகலில் கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் கோபுர வாசலில் உள்ள பாற்கடல் கடையும் சிற்பம் என்று நிதானமாகப் பார்க்கலாம். கோட்டைச் சீட்டில் அடங்காத திருநாதர்குன்று, சிங்கவரம் போகும் வழியிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து ஆட்டோ போகும்.